டிஸ்கஸ் மீன்: ஜோடியை மீனே தேர்ந்தெடுக்கட்டும்

முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரம் வட்டாரக் கிராமங்களில் பயிர்த்தொழிலோடு வீட்டிலேயே செய்யக்கூடிய உபதொழிலைச் சிறு விவசாயிகள் தேடுவது இயல்பு. வண்ண மீன் வளர்ப்பு அவற்றுள் ஒன்று. இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் அதிக தூரத்தில் இல்லை. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் புழக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு மானியம் இடம் பெற்றது. நல்ல விலை போகும் டிஸ்கஸ் மீன் பலரது கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் இத்தொழிலில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே இழந்துவிடுகிறார்கள். "ஆண் ஒன்று, பெண் ஒன்று" என்று சொல்லப்படும் இரு பெரிய மீன்களை அதிக விலை கொடுத்து வாங்குவதே அதற்குக் காரணம்.

டிஸ்கஸ், தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையின் குடும்பம்தான். எனினும் இதில் ஆண், பெண் பேதத்தை வெளித்தோற்றத்தால் உறுதியாகச் சொல்ல இயலாது. நெற்றி புடைத்திருந்தால் ஆண், முதுகுத் துடுப்பு நீண்டிருந்தால் ஆண் என்பன போன்ற குறிகள் பல சமயம் பொய்த்துப் போகின்றன. ஆணும் பெண்ணுமாகவே அமைந்தாலும், கட்டாயப்படுத்திச் சேர்த்த இரு மீன்கள் ஒன்றையொன்று ஏற்காமல் கடித்துக்கொள்வதும் உண்டு.

எனவே 6 முதல் 8 இளம் மீன்களை வாங்கி ஒரே தொட்டியில் வளர்ப்பதே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி. ஏறத்தாழ ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்தில் அவை பருவமடைந்து தாமாகவே ஜோடி சேரும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

இரண்டு மீன்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். அருகில் வரும் மற்றவற்றை இரண்டுமே சேர்ந்து துரத்தும். எதிரெதிரே வந்து தலை தாழ்த்தும், உடல் நடுங்கும். உடலின் பின்பாதி கறுத்துக் காணப்படும். செங்குத்தான ஓர் இடத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யும். கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டி இதற்குப் போதுமானது. இந்த அடையாளங்கள் பல நாட்கள் தொடர்ந்தால், அந்த இரண்டையும் 150 முதல் 200 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

முட்டையிடும் சமயத்தில் வயிற்றின் அடியில் சிறு குழாய் வெளிப்படும். பெண்ணுக்கு அது தடித்து, முனை மழுங்கியிருக்கும். ஆணுக்கு மெல்லியதாய்க் கூர்மையாயிருக்கும். பெண் மீன் கீழிருந்து மேலாக வரிசையாய் முட்டையிட, ஆண் பின்தொடர்ந்து அதே வரிசையின் மேல் செல்லும்.

முட்டை மட்டும் சான்றாகாது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆண் இல்லாத இடத்தில் இரு பெண் மீன்கள் ஜோடி போலவே நடந்து, இடத்தைச் சுத்தம் செய்து, முட்டையும் இடும். அம்முட்டைகள் வெளுத்துப் போகும். ஆகவே முட்டையிட்டதைக் காட்டி ஒரு ஜோடியை விற்றால் அதை நம்பி வாங்கலாகாது.

எனினும் முட்டை வெளுத்தவுடன் மீனைக் குறை கூறவும் கூடாது. முதலில் குழாயின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து நீரைச் சோதிக்க வேண்டும். உப்புத்தன்மை மிகுந்த கடின ஆழ்குழாய் நீரில் முட்டை சரியாகக் கருவுறாது. சுத்தமாகச் சேமித்த மழைநீரைக் கலந்து நீரை மென்மையாக்கலாம். கார அமில நிலை 6 முதல் 6.5 வரையிலும், வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருப்பது நலம். மார்கழி, தை மாத இரவுகளில் ஹீட்டர் அவசியம்.

புது ஜோடி முதல் சில தடவை தன் முட்டையைத் தானே தின்றுவிடுவதும் சகஜம். அதிர்வும் நடமாட்டமும் இதை அதிகப்படுத்தும். தறி ஓடும் அறையில் இத்தொட்டியை வைக்காதிருப்பது நல்லது. மூன்று நான்கு தடவை வாய்ப்பளித்த பிறகே துணையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கருவுற்ற முட்டைகள் சுமார் இரண்டரை நாளில் பொரிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கி, பெற்ற மீன்களின் உடலில் சுரக்கும் கொழகொழப்பான திரவத்தை உண்ணும். தாயும் தகப்பனும் மாறி மாறிக் குஞ்சுகளைத் தம் மேல் ஏற்றுக்கொள்வதே உண்மையான ஜோடியின் அடையாளம். முதிர்ந்த ஜோடியை விலைக்கு வாங்க விரும்புவோர், அது குஞ்சுகளோடு இருப்பதை நேரில் கண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் காத்திருப்பது சிறு விவசாயிக்குச் சிரமமே. அதுவரை கப்பி, மோலி போன்ற எளிய மீன்களை வளர்த்துக் கைச்செலவைச் சமாளிக்கலாம், தொழிலும் பழகும். கடன் வாங்கி முதல் நாளே ஜோடி வாங்குவதைக் காட்டிலும், இளம் மீன்களை வாங்கிப் பொறுத்திருப்பதே நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி.