வெள்ளம் வடிந்தது, கூலியும் கரைந்தது

2005-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி அடித்த கத்ரினா புயலில் கரைகள் உடைந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கிற்று. தண்ணீர் வடிந்ததும், சேறும் பூஞ்சணமும் அப்பிய வீடுகளைச் செப்பனிட லத்தீன் அமெரிக்கக் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். சர்க்கார் அவர்களுக்குச் செய்த உபகாரம் யாது?

சர்க்கார் கட்டட வேலைகளில் அவ்வட்டாரக் கூலி விகிதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று விதிக்கும் 1931-ம் வருஷத்துச் சட்டத்தை, புயல் தாக்கிய பிரதேசங்களில் ஜனாதிபதி புஷ் செப்டம்பர் 8-ந் தேதி நிறுத்தி வைத்தார்! பலத்த கண்டனத்துக்குப் பின்னரே, நவம்பர் 8-ந் தேதி அது மீண்டும் அமுலுக்கு வந்தது. செலவைக் குறைக்கவே இந்த ஏற்பாடென்றார்கள். குறைந்தது யாருடைய பங்கு? கண்டிராக்டருக்குக் கீழே உபகண்டிராக்டர், அவருக்குக் கீழே இன்னொருவர். முகமூடியின்றி உழைத்தவர் பலர். பேசிய கூலியைப் பெறாதவரும் பலர்.

மழை கொட்டும்போது குடையை மடக்கி வைப்பது ராஜதந்திரமாகுமோ? ஆபத்துக் காலத்திலேதான் ஏழைக்குச் சட்டத்தின் துணை அவசியம். புயலைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. கூலியைப் பறிப்பதைத் தடுக்க நிச்சயம் இயலும்.