எங்கே தேடினாய் என்று சொல்

வில்லங்கச் சான்று வாங்கிப் பழகியவர்கள், ‘வில்லங்கம் ஏதும் இல்லை’ என்ற வரியைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிட மாட்டார்கள். எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மேலே அச்சாகியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் அந்த ‘இல்லை’யை நம்புவார்கள். நிலம் பழைய எல்லைப்படி பக்கத்து அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், இங்கே கிடைக்கும் ‘இல்லை’யை வைத்து எதுவும் செய்ய முடியாது. கணினியும் கைப்பேசியும் தினம் தினம் நமக்குத் தருகிற ‘இல்லை’களில் இந்த விவரம் எதுவுமே இருப்பதில்லை. இது சரியல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு பதிப்பகத்தில் கணினி, மெயில் வேலைகள் என் பொறுப்பு. அலுவலக மெயிலையும் நான் பின்தொடரும் யூஸ்நெட் குழுக்களையும் ஒரே நியூஸ்ரீடரில் படிக்கிறேன். யூஸ்நெட் என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்து உருவாக்கிய விவாதக் குழுக்களின் வலையமைப்பு அது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸ் பற்றி உலகுக்கு முதலில் சொன்னது 1991 ஆகஸ்டில், அங்கிருந்த மினிக்ஸ் குழுவில்தான். தமிழுக்கென்று ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற குழுவும் இருந்தது. ஒரே உரிமையாளர் கிடையாது. பல சர்வர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்திகளை வாங்கி வைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய சர்வரில் சேர்ந்து நியூஸ்ரீடர் வழியாகப் படிக்கலாம்.

எங்கள் பதிப்பாசிரியர் ஒருநாள், “ஏம்மா, அந்த மொழிபெயர்ப்பு உரிமைக் கடிதம் மெயில்லதான வந்துது? கொஞ்சம் எடுத்துக் குடு” என்றார். வக்கீல் காத்திருந்தார். தேடினேன், ‘0 செய்திகள்’ என்றது திரை. அந்தக் கடிதத்தை என் கண்ணால் படித்திருக்கிறேன், அதனால் விடவில்லை. நியூஸ்ரீடர் நிரலும் சர்வரும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்யும் வசதியைத் திறந்துவிட்டு மறுபடியும் தேடினேன். கேள்வி மெயில் சர்வருக்குப் போகவே இல்லை. யூஸ்நெட் படிக்க நான் சேர்ந்திருக்கும் செய்திக்குழு சர்வருக்குப் போயிருந்தது. அதுவும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருந்தது: 500. செய்திக்குழு நெறிமுறையில் 500 என்றால் ‘இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது’ என்று பொருள். அந்தப் பதிலை வாங்கிய நிரல், அதை அப்படியே விழுங்கிவிட்டு என்னிடம் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது.

காரணம் சின்னதுதான். அந்த நிரலில் ஒவ்வொரு குழுவின் பெயருக்கு முன்னும் அது எந்த சர்வரைச் சேர்ந்தது என்ற ஒட்டு இருக்கும். முதன்மை சர்வரின் குழுக்களுக்கு மட்டும் ஒட்டு இருக்காது. நான் தேடியதோ பல ஃபோல்டர்களைச் சேர்த்து நானே உண்டாக்கிய தொகுப்பில். தொகுப்புக்கு ஏது ஒட்டு? ஒட்டு இல்லாவிட்டால் முதன்மை சர்வர் என்று நிரல் முடிவு கட்டிவிட்டது. என் முதன்மை சர்வர் செய்திக்குழு சர்வர். தொகுப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரும் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அந்தந்த சர்வருக்குத் தனித்தனியே தேடலை அனுப்பும்படி மாற்றியதும் கடிதம் வந்துவிட்டது. ஒரு பக்கம்கூட வராத திருத்தம் அது.

சர்வரை ஊகித்து அடையாளம் காண்பது எப்போதும் இப்படித்தான் முடியும். 2002இல் லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் தொடங்கிய ஜிமேன் சேவையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மடற்குழுக்களை நியூஸ்ரீடரில் படிக்க வழிசெய்த அரிய சேவை. 2016இல் அதன் வலைப்பக்கங்கள் நின்றன. 2020இல் செய்தி சர்வரின் முகவரி ‘.ஆர்க்’கிலிருந்து ‘.ஐஓ’வுக்கு மாறியது. முகவரியின் வாலைப் பார்த்து ‘இது ஜிமேன்’ என்று கண்டுகொள்கிற எந்த விதியும் அன்றைக்கே செத்தது. லீஃப்நோட் போன்ற குட்டி சர்வரைத் தன் கணினியிலேயே ஓட்டுகிறவருக்கு முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றுதான் இருக்கும். அந்தப் பெயரை வைத்து என்ன தெரியும்?

ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். உனக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று சர்வரிடமே கேட்கும் கட்டளை, 2006இல் வந்த ஆர்எஃப்சி 3977 என்ற இணையத் தர ஆவணம் முதல் செய்திக்குழு நெறிமுறையிலேயே இருக்கிறது. மெயிலுக்கான ஐமேப் நெறிமுறையிலும் இருக்கிறது. செய்தியின் உள்ளடக்கத்தைத் தேடும் கட்டளை ஐமேப்பில் உண்டு, செய்திக்குழு நெறிமுறையில் கிடையாது. ஆகவே நேர்மையான நிரல், ‘இந்த சர்வரில் அப்படித் தேட வழியில்லை’ என்று சொல்ல வேண்டும். ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பிக்குள் இயங்கும் க்னூஸ் நியூஸ்ரீடர், 2022இல் வந்த ஈமேக்ஸ் 28இல் தன் பழைய தேடல் பகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதிய பகுதியைக் கொண்டுவந்தது. நாம் ஒரே விதமாகக் கேட்கலாம்; அந்தந்த சர்வருக்குப் புரியும்படி அது மாற்றிக் கேட்கும். சம்பளமில்லாமல் இதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு ‘க’வுக்கே மூன்று பைட் வேண்டும். கேள்வி எந்தக் குறியீட்டில் வருகிறது என்பதை நிரல் ஐமேப் சர்வரிடம் சொல்ல வேண்டும். அந்தக் குறியீடு தனக்குத் தெரியாவிட்டால் அதைச் சொல்வதற்கும் சர்வருக்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலையும் பூஜ்யமாக்கிக் காட்டினால், தமிழ்ச் சொல்லை உள்ளிட்டவர் தன் கடிதமே தொலைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதிய மெயில்கள் எங்களிடம் நிறைய உண்டு. இன்றைய தட்டச்சில் ‘முன்னுரை’ என்று தேடினால், உள்ளே இருக்கும் பைட்டுகள் வேறு என்பதால் அவற்றில் ஒன்றுகூடச் சிக்காது. காலமாகிவிட்ட எழுத்தாளர்களின் கடிதங்கள் அவற்றில் இருக்கின்றன. இல்லை என்று நம்பி யாராவது அழித்துவிட்டால் திரும்ப வராது.

இதெல்லாம் பழைய ஆட்களின் கவலை என்று தள்ள வேண்டாம். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய செய்திகளை எடுத்துக்கொள்வதை நிறுத்தியது. பழையவற்றை அங்கே தேடலாம். அதற்குப் பிறகு எழுதியதைத் தேடினால் கிடைக்காது, வேறு சர்வர்களில் அது பத்திரமாக இருந்தாலும். உங்கள் கைப்பேசியிலும் இதே கதை நடக்கலாம். சில மெயில் செயலிகள் கைப்பேசியில் இறக்கி வைத்த மெயில்களுக்குள் மட்டும் தேடிவிட்டு ‘முடிவுகள் இல்லை’ என்று நிறுத்திக்கொள்கின்றன. சர்வரில் தேடு என்ற தெரிவு எங்கோ அடியில் ஒளிந்திருக்கும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தையும் காப்பீட்டு ரசீதையும் அவசரத்தில் தேடுகிறவர் அவ்வளவு தூரம் பார்ப்பாரா?

சர்வர் பெயரையெல்லாம் காட்டினால் சாதாரண மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் மனப்பாடமாகச் சொல்கிற விவசாயிகள் இருக்கும் ஊர் இது. தனக்குத் தேவையான விவரத்தைப் படிக்க யாருக்கும் சிரமம் இல்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். முக்கியமான மெயில் ‘இல்லை’ என்று வந்தால், எந்தக் கணக்கில் தேடினீர்கள், கைப்பேசிக்குள்ளா சர்வரிலா என்று பாருங்கள். முடிந்தால் இணைய உலாவியில் அதே கணக்கைத் திறந்து இன்னொரு முறை தேடுங்கள். அதற்கு முன் எதையும் அழிக்காதீர்கள். நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, தேடல் முடிவுக்கு மேலே எந்த சர்வர், எந்த ஃபோல்டர், எந்தத் தேதி வரை என்று ஒரு வரி எழுதுங்கள். சர்வர் பிழை என்று சொன்னால், பிழை என்றே எங்களிடமும் சொல்லுங்கள்.