பஸ்ஸில் வாந்தி வருமா?

மைசூர், திம்பம் வழியாகக் கோவைக்குப் போன அன்பர்களுக்கு அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளும் நினைவிருக்கும். வண்டியில் ஒருவராவது ஜன்னலோர இடம் கேட்டு வாங்கி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வருவார். பெரும்பாலும் அது நம் வீட்டு அம்மாவாகவோ சித்தியாகவோ இருக்கும். அவருக்கு ஓர் ஆபரேஷன் என்று வந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

அறுவை சிகிச்சை செய்துகொள்வோரில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்குக் கண்விழித்தபின் குமட்டலோ வாந்தியோ வருகிறது. யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். ஆப்ஃபெல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1999-இல் அதற்கு நான்கு குறிகளைத் தந்தார். பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதவராக இருப்பது, பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் போன்ற வலி மருந்து தேவைப்படுவது. ஒன்றுமே இல்லாதவருக்கு வாய்ப்பு பத்து சதவீதம், நான்கும் உள்ளவருக்கு எண்பது. (இதைப் படித்துவிட்டு யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம். அதன் கேடுகள் வேறு.) நம் வீட்டுப் பெண்கள் முதல் இரண்டு குறிகளோடுதான் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார்கள்.

இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. குழந்தைகளுக்கென 2004-இல் வெளியான கணிப்பு முறையில், மாறுகண் அறுவை, அரைமணிக்கு மேல் நீளும் ஆபரேஷன், மூன்று வயதைத் தாண்டியிருப்பது ஆகியவற்றோடு, அப்பா, அம்மா, உடன்பிறந்தோரில் யாருக்கேனும் இந்த வாந்தி வந்ததா என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருந்து கேட்பதிலும் மரபணு குறுக்கிடுகிறது. ஒண்டான்செட்ரான் வாந்தியை நிறுத்தும் நல்ல மருந்துதான். ஆனால் சிலருடைய கல்லீரல் அதை மிக வேகமாகச் சிதைத்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அது சரியாகப் பலன் தருவதில்லை என்று 2005-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மயக்க மருந்தும் மரபணுவும் என்றால் நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி சில நிமிடங்களில் தெளிந்துவிட வேண்டும். ஆரிய வைசியர் சிலருக்கு அதைச் சிதைக்கும் நொதியே இரத்தத்தில் இல்லாததால், மூச்சு திரும்பவே மணிக்கணக்காகும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டு எழுதினார்கள். தென்னாட்டு மயக்கவியல் டாக்டர்கள் இதை அறிந்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அதில் உயிர் போகும். வாந்தியில் உயிர் போவது அபூர்வம். அதனாலேயே "மயக்க மருந்து என்றால் அப்படித்தான்" என்று எல்லோரும் கடந்து போகிறோம். இது எனக்கு ஏற்புடையதல்ல. புதுத் தையலோடு ஓங்கரிப்பவரின் வேதனை சாதாரணமானதா? அன்று மாலையே வீடு திரும்ப வேண்டியவர் கூடுதலாக ஓர் இரவு தங்கினால் பில்லும் ஏறுகிறது. போன தடவை பட்டதை எண்ணி, வலிக்கு ஊசியே வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண்களை எனக்குத் தெரியும்.

பெங்களூரில் நம் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார். கூடப் போன மகனோ மருமகனோ, பாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன்றுமில்லை டாக்டர்" என்று பதில் சொல்லிவிடுவார். என் அத்தைக்கு அப்படித்தான் நடந்தது. சேலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அவர் தண்ணீர்கூடத் தங்காமல் கிடந்தது மகனுக்குத் தெரியாது. மகளுக்குத்தான் தெரியும், அவர் ஓசூரில் இருந்தார். அத்தையையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

முன்கூட்டித் தெரிந்தால் டாக்டரால் செய்யக்கூடியது நிறைய. முழு மயக்கத்துக்குப் பதில் முதுகுத் தண்டில் ஊசி போடலாம். மயக்க வாயுவைத் தவிர்த்து புரோபோஃபால் ஊசியாலேயே மயக்கலாம். டெக்ஸாமெத்தாசோன், ஒண்டான்செட்ரான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நம் சங்கம் அரைப்பக்கத்தில் ஒரு சீட்டு அச்சிடலாம் என்பது என் யோசனை. பஸ்ஸில் வாந்தி வருமா, முன்பு என்ன ஆபரேஷன், அப்போது எப்படி இருந்தது, பெற்றோர் பிள்ளைகளுக்கு இப்படி வந்ததுண்டா என்று நான்கைந்து கேள்விகள், தமிழிலும் கன்னடத்திலும். நோயாளி பெண்ணாக இருந்தால், பதில்களை அவரே சொல்லச் சொல்லி எழுத வேண்டும்.