வலி போனால் போதுமா?

“எப்போது திரும்ப ஆடுவாய்?” வலைப்பந்துக் குழுத் தோழிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முழங்காலில் ஏசிஎல் எனப்படும் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலி இல்லை, மெதுவோட்டம்கூட ஓடுகிறேன். “ஊசி போட்டால் சீக்கிரம் ஆறிவிடுமாமே” என்ற அறிவுரையும் வருகிறது. உயிர்மருத்துவ அறிவியல் பயிலும் மாணவி என்பதால், அதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன்.

என் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த தசைநாணை, முழங்காலின் மேலும் கீழும் உள்ள எலும்புகளில் துளையிட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். தொடக்கத்தில் அதைத் தாங்குவது திருகாணி போன்ற கருவிகள்தான். பிறகு எலும்பு மெல்ல வளர்ந்து தசைநாணைப் பற்றிக்கொள்ள வேண்டும். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாய்களுக்குப் பொருத்திய தசைநாணை இழுத்துப் பார்த்தார்கள். எட்டாவது வாரத்தில்கூட அது துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12ஆவது வாரத்தில்தான் எலும்பின் பிடி உறுதியானது.

இந்த ஒட்டுதலை விரைவுபடுத்த விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்துவது ஒரு வழி. குருத்தணுக்கள், எலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் ஆகியவை வேறு வழிகள். விலங்குகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. விரைவில் திடலுக்குத் திரும்பலாம் என்று உறுதி தரும் ஊசி இன்னும் இல்லை.

காத்திருப்பின் பலனுக்கோ சான்று இருக்கிறது. 2016இல் வெளியான நார்வே ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் முழங்கால் காயம்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆய்வுகள் தொடரட்டும், வருங்காலத்தில் நானே அதில் ஈடுபட விரும்புகிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நம்பிக்கையைக் குறுக்குவழியாக நினைப்பது தவறு. வலி போவது வேறு, எலும்பு பிடிப்பது வேறு.

காயமடைந்தவரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். குழுவில் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் பலரை முன்கூட்டியே திடலில் இறக்குகிறது. பயிற்றுநர்களும் குழுத் தலைவர்களும் “உன் இடம் காத்திருக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னால், அது எந்த ஊசியையும்விடப் பயன் தரும்.

அடுத்த மாதம் எங்களுக்குப் போட்டி. நான் ஆடமாட்டேன், புள்ளிக் கணக்கு எழுதப் போகிறேன்.