எரிச்சல் அடங்கினால் தொற்று போய்விடுமா?

சிறுநீர்த் தொற்றுக்கு இளநீரும் ஒரு சிட்டிகை சோடா உப்பும் போதும், மருந்து வேண்டாம் என்கிறார்கள். ஏற்க முடியாது. சிட்ரேட், பைகார்பனேட் உப்புகள் சிறுநீரின் அமிலத்தைக் குறைப்பவை. அதனால் சிலருக்கு எரிச்சல் தணியலாம். அதற்குக்கூட உறுதியான சான்று இல்லை என்றே 2016 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பெரும்பாலான தொற்றுக்குக் காரணமான ஈ.கோலைக் கிருமி இதில் சாகாது. நைட்ரோஃபுரன்டாய்ன் சாப்பிடும்போது சோடா உப்பைக் கலந்தால் மருந்தின் வேகமே குறையும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். காய்ச்சலும் விலாவலியும் வந்த பிறகும் இளநீரை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணி விரித்துக் காட்டும் பெண்ணிடம் இந்த இளநீர் யோசனையைச் சொல்லிப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் தண்ணீரையே குறைத்துக்கொண்டவர்கள் கேரளத்தின் ஜவுளிக்கடைப் பெண்கள். இந்த நிலையை எதிர்த்துக் கோழிக்கோட்டில் விஜி என்பவரின் 'பெண்கூட்டு' அமைப்பு போராடியது. 2018-இல் கடைப் பணியாளர்கள் வேலையிடத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வந்த, குறைவாகத் தண்ணீர் குடித்த 140 பெண்களில் பாதிப்பேர் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். அவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவ்வளவு குடிக்க வேண்டுமென்றால் கடைக்குள் கழிப்பறை வேண்டும், போய்வர முதலாளியின் அனுமதி வேண்டும்.