மேலாடையும் வலையூசியும்

கார்த்திகை மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், காசிமேட்டுப் பகுதியில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்து வெளியே வந்தபோது, அவ்வம்மையாரின் கணவர் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையொன்றைச் சீர்செய்துகொண்டிருந்தார். எண்பதை எட்டிய வயது. ஒரு கண்ணில் புரை. ஆயினும் கிழிசலின் ஓரத்தை முதலில் கத்தியால் ஒழுங்குபடுத்தி, நல்ல கண் எது, நைந்த கண் எது என்பதைத் தொட்டே அறிந்து, ஒவ்வொரு கண்ணையும் ஒரே அளவில் முடிந்து வந்த அவரது நேர்த்தியை, மழையையும் மறந்து பார்த்து நின்றோம்.

அவ்வேளையில் உள்ளிருந்து பேரன் வந்தான். சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் இரவு வேலை பார்ப்பவன். அவன் மாட்டியிருந்த மழைக்கோட்டின் அக்குள் தையல் ஒரு சாண் நீளம் பிரிந்திருந்தது. வலது முழங்கைக் கிழிசலின்மீது ஒட்டிய நாடா பாதி உரிந்து தொங்கியது. "போன வாரம் இதப் போட்டுக்கிட்டுப் போய் விடிய விடிய நனைஞ்சு, நாலு நாள் படுத்துட்டான் சாமி" என்றார் அவன் தாயார். நான்கு நாள் கூலி போயிற்று. மருத்துவருக்கும் மருந்துக்கும் கொடுத்தது தனி.

நாம் பெரியவரை நோக்கி, "வலையில் ஒரு கண் அறுந்தாலும் விடமாட்டீர்கள், பேரனின் கோட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று வினவினோம். அவர் ஊசியை நிறுத்தாமலே, "அது கடைச்சரக்கு சாமி. கிழிஞ்சா எறிஞ்சிட்டு வேற வாங்குறதுதான். வலை அப்படியா?" என்றார்.

இம்மறுமொழி நம்மை வீடு வரையில் தொடர்ந்து வந்தது. வலை பிழைப்பைத் தரும் கருவி. அதனால் அதற்கு மரியாதை. உடையோ வெறும் உடுப்பு. ஆனால் இரவு மழையில் வேலைக்குச் செல்கிறவனுக்கு அவன் மேலாடையும் கருவியன்றோ? இராயபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதைச் சொல்ல நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவ்வூரின் பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பர். அந்த இராயப்பர் திபேரியாக் கடலில் படகிலிருந்து "அவர் ஆண்டவர்" என்று மற்றொரு சீடர் சொல்லக் கேட்டபோது, முதலில் செய்தது என்ன? வேலைக்காகக் கழற்றி வைத்திருந்த மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார் என்று அருளப்பர் 21ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். நீந்தப் போகிறவன் உடையைக் களைவான், இவர் உடுத்துகிறார். மறைநூல் விரிவுரையாளர்கள் இதற்குப் பல விளக்கம் தருவர். நமக்குத் தோன்றுவது ஒன்றே: அது அவரிடமிருந்த ஒரே மேலாடையாகவும் இருந்திருக்கலாம்.

உழைப்பாளியின் உடை நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியுமன்று. அண்டையிலுள்ள பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் நெய்த காக்கித் துணி நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்ட பின்னும், "பின்னி காக்கி கிழியாது" என்று சொல்லும் முதியோரை இன்றும் காண்கிறோம். அதுவும் கிழிந்தது, ஆனால் கிழிந்ததைத் தைத்து உடுத்தினார்கள். இராயபுரத்து இல்லத்தரசிகளுக்கு மற்றொரு நினைவும் இருக்கும். துறைமுகத்தில் நிலக்கரி குவிந்து கிடந்த காலத்தில், வெளுத்துக் கொடியில் போட்ட துணி உலர்வதற்குள் கரி படிந்துவிடும். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2011-இல் அந்நிலக்கரி எண்ணூருக்கு மாறிற்று. இராயபுரத்தின் கொடி வெளுத்தது. எண்ணூரின் கொடி கறுத்தது என்று ஒரு பங்குமக்கள் கூட்டத்தில் ஓர் அம்மையார் சொன்னதை நாம் மறக்கவில்லை.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைச் சொல்வோம். நாம் தையற்காரர் அல்லோம். எனினும் குருமடத்தில் பொத்தான் தைக்கவும் அங்கியின் ஓரம் மடிக்கவும் கற்றோம். மிதிவண்டிச் சங்கிலியில் அங்கி சிக்கிய ஒவ்வொரு முறையும் அக்கல்வி முழுமை பெற்றது.

முதலில் கழுவுதல். பழுதுபார்த்தலில் பாதி இதுவே. கடற்காற்றில் வரும் உப்பு துணியில் தங்கி, ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததாகத் தோன்றும் கோட்டு மறுநாள் பிசுபிசுப்பதும், பொத்தானும் ஜிப்பும் துருப்பிடிப்பதும் இதனாலேயே. கடலுக்கோ துறைமுகத்துக்கோ சென்று வந்த உடையை அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடவேண்டும். சோப்பு அன்றாடம் வேண்டியதில்லை. மழைக்கோட்டிற்குச் சலவைத்தூளை அள்ளிப் போடுவோர் உண்டு. தூளின் எச்சம் துணியில் தங்கினால் நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடாமல் படர்ந்து ஊறும். மென்மையான சோப்பைச் சிறிது கரைத்து, மிருதுவான தூரிகையால் துடைத்து, பலமுறை அலசுதல் போதும். முறுக்கிப் பிழிதல் ஆகாது. வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். ஆதலின் காற்றோட்டமுள்ள நிழலில், உட்புறம் வெளியே தெரியுமாறு தொங்கவிடுக.

ஈரத்தோடு மடித்து வண்டியின் இருக்கைக்கு அடியில் திணிப்பதே நம் இளைஞர்களின் வழக்கம். வெப்பமும் ஈரமும் சேர்ந்து, உட்பக்கத்துப் பூச்சைப் பிசினாக்கிப் பின் செதில் செதிலாக உரியச் செய்துவிடும். அப்படி முழுதும் உரிந்த கோட்டை எவராலும் மீட்க முடியாது. மழைக்காலம் முடிந்ததும் அதை ஆணியில் தொங்கவிடாமல் அகன்ற தாங்கியில் மாட்டி வையுங்கள். தங்கமும் பட்டும் அலமாரியில் பெறும் இடத்தில் ஒரு மூலை இதற்கும் கிடைக்கட்டும்.

அடுத்து ஒட்டுப்போடுதல். இதில் நம் ஆண்டவரே ஒரு பாடம் சொல்லியிருக்கிறார். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போட்டால் அது பழையதை இழுத்துக் கிழிசலைப் பெரிதாக்கும் என்று மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் அவர் கூறியதை மறையுரைகளில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். புதிய உடன்படிக்கை, பழைய உடன்படிக்கை என்று நாம் விரித்துக்கொண்டே போகையில், கீழே அமர்ந்திருக்கும் தாய்மார் அதைத் தையற்குறிப்பாகவே கேட்டுச் சரியென்று தலையசைத்திருப்பர். பருத்தி நனைந்தால் சுருங்கும். பலமுறை வெளுத்த சட்டை சுருங்கவேண்டிய அளவு சுருங்கிவிட்டது. புதிய துணி இனிமேல்தான் சுருங்கும். எனவே பழைய காக்கிக்குப் பழைய காக்கியையே ஒட்டாகப் போடுக. புதிதாயின், முதலில் இருமுறை நனைத்து உலர்த்துக. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டினால் மூலை எங்கும் சிக்கிப் பிரியாது. கிழிசலைச் சுற்றி நல்ல துணி கிடைக்கும் இடம்வரை ஒட்டு நீளவேண்டும். நைந்த துணியில் போட்ட தையல் நைந்த மனிதனின் தோளில் ஏற்றிய சுமைபோல நிற்காது.

மீனவர் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. நூல் இல்லையெனில் வலை பின்னும் நைலான் இழையை எடுத்துக் காற்சட்டையைத் தைத்துவிடுவர். நம் பெரியவரும் அன்றே கோட்டை அப்படித் தைக்கத்தான் கை நீட்டினார். நைலான் இழை அறாது, உண்மை. ஆனால் அது அறாத காரணத்தால் துணியை அறுக்கும். நூல் துணியைவிடச் சற்று மெலிந்ததாயிருத்தல் நன்று. இழுபடும் நேரத்தில் நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். துணி அறுந்தால் என்செய்வது?

திருவொற்றியூர்ப் பட்டறைகளில் வெல்டிங் செய்வோரின் வீட்டார் இங்கே சற்று நின்று படிக்கவேண்டும். அவ்வுடைக்குப் பாலியெஸ்டர் கலந்த துணியை ஒட்டுப் போடாதீர்கள். பருத்தி தீப்பொறி பட்டால் கருகும். பாலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் நூலும் இரண்டுமே பருத்தியாக இருக்கட்டும். பொறி தங்குமாறு வெளிப்புறத்தில் திறந்த மடிப்பும் வேண்டாம்.

மழைக்கோட்டின் கதை வேறு. 1823-இல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பார், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழை புகாத துணியை உருவாக்கி உரிமை பெற்றார். துணியில் மழை புகவில்லை. ஆனால் தையற்காரர்கள் அதைக் கோட்டாகத் தைத்தபோது ஊசித்துளை வழியே புகுந்தது! இருநூறு ஆண்டுகளாயினும் அந்த நியாயம் மாறவில்லை. மழைக்கோட்டில் ஊசி போடும் ஒவ்வோர் இடமும் ஒரு புதிய ஓட்டை. ஆதலின் துணி கிழிந்தால் தைக்காமல் ஒட்டவேண்டும். தையல் பிரிந்தால் பழைய துளைகளின் வழியாகவே ஊசியைச் செலுத்தி, பின்னர் உட்புறத்தில் அத்தையலின்மீது பசையோ ஒட்டுநாடாவோ இட்டு அடைக்கவேண்டும்.

ஒட்டுக்குத் துணி எங்கே கிடைக்கும்? கோட்டு வாங்கும்போது அதை மடித்து வைக்க ஒரு சிறு பை தருவார்கள். பெரும்பாலும் அது அதே துணி. பலரும் அதை எறிந்துவிடுகின்றனர், வேண்டாம், பத்திரப்படுத்துங்கள். பசையைப் பொறுத்தவரை, மிதிவண்டிப் பஞ்சருக்கு ஒட்டும் ரப்பர் கரைசல் ரப்பர் பூட்ஸுக்கும் ரப்பர் பூசிய துணிக்கும் நன்கு பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கோட்டில் அது சில நாளில் உரியும். அதற்கு வினைல் பசை என்று கேட்டு வாங்குக. எதுவாயினும் ஒட்டும் இடத்தை உப்பும் எண்ணெயும் போகத் துடைத்து, முழுதும் உலரவிட்டு, உட்புறத்தில் ஒட்டி, ஓரிரவு கனமான நூலின் அடியில் வைத்தால் நிற்கும். ஒட்டிய கோட்டைச் சோதிக்க மழைக்குக் காத்திருக்கவேண்டாம்; உட்புறத்தில் செய்தித்தாளைத் திணித்து மேலே ஒரு குவளை நீர் ஊற்றினால், தாள் நனைந்த இடமே ஓட்டை.

ஜிப்பு இறுகினால் மெழுகுவர்த்தித் துண்டை அதன் பற்களில் தேய்த்தால் வழுக்கும். எந்தப் பங்கின் உபதேசியாரைக் கேட்டாலும் பீடத்து மெழுகுத் துண்டுகள் ஒரு கூடை தருவார். பற்கள் பொருந்தாமல் திறந்துகொண்டால், இழுப்பானின் இரு பக்கத்தையும் குறடால் மெல்ல அழுத்துக. பெரும்பாலும் அதுவே போதும்.

எதைத் தைக்கக்கூடாது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். படகில் செல்வோரின் உயிர்காப்பு உடையின் பட்டை அறுந்தாலோ, உள்ளிருக்கும் நுரைப்பொருள் அமுங்கித் தட்டையானாலோ, வீட்டில் தைத்துச் சமாதானம் அடையாதீர்கள், மாற்றிவிடுங்கள். அதைப் படகில் மெத்தையாகப் போட்டு அமர்வதைக் காண்கிறோம். நாள்தோறும் அமுங்கிய நுரை, தேவைப்படும் நாளில் ஆளை மிதக்கவைக்காது. அவ்வாறே 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் வாளியும் கையுமாக இறங்கி அதை அள்ளினார்கள். அவ்வுடைகளை வீட்டில் மறுபடி மறுபடி வெளுத்து, குழந்தைகளின் துணிவரை நாற்றம் ஏற்றிய குடும்பங்கள் உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, அதை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் உலர்த்தியோரும் உண்டு. அப்படி ஊறிய துணியைக் கழித்துவிடவேண்டும். சிக்கனம் அங்கே பொருந்தாது. சாம்பலும் சிமெண்டுத் தூளும் படிந்த உடையை வீட்டிற்குள் உதறாமல், வாசலிலேயே நனைத்துத் தனியே துவைக்கவேண்டும்.

இவற்றில் சிலவற்றை அன்று திண்ணையிலேயே சொல்லிவிட்டு வந்தோம். பெரியவர் முகத்தில் நம்பிக்கை ஏதும் தெரியவில்லை. திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, படிக்கட்டின் ஓரத்தில் நமக்காகக் காத்திருந்தார்.

"கோட்டு என்னாயிற்று?" என்றோம்.

"அக்குளு நின்னுடுச்சு சாமி. முழங்கையும் நின்னுடுச்சு. இப்போ கழுத்துப் பக்கம் ஒழுகுதாம். கழட்டி வச்சுட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன். அந்தத் தொப்பி தைச்ச இடம்தான் சரியில்ல, கடைக்காரன் தையலு, ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு" என்று சொல்லிக்கொண்டே, மெழுகுத் துண்டு இரண்டு வேண்டுமென்று உபதேசியாரைத் தேடிச் சென்றார்.