செத்த வீரனுக்குச் சாதி எதற்கு? சாமிப் பட்டம் எதற்கு?

சினிமாவைப் பற்றி எழுதுவது நமக்கு அவ்வளவாய்ப் பிடித்தமான வேலை அல்ல. பாம்பு வந்து கதாநாயகியைக் காப்பாற்றுவதையும், அம்மன் கண் திறந்து கெட்டவனைச் சுட்டெரிப்பதையும் நம் மக்கள் காசு கொடுத்துப் பார்க்கின்ற வரையில், எழுதாமல் இருக்கவும் முடிவதில்லை. ஆனால் இந்தத் தடவை நாம் எழுத வந்த சங்கதி வேறு. இது சாமி படத்தைப் பற்றியதல்ல. பட்டாளத்தில் செத்த மனிதர்களைப் பற்றிய படங்களையும், அவர்களுக்கு நம் நாட்டார் செய்கின்ற மரியாதையையும் பற்றியதாகும்.

2024-ம் வருஷம் தீபாவளியை ஒட்டி "அமரன்" என்னும் படம் வெளிவந்தது. நாம் தீபாவளி கொண்டாடுகின்றவர்கள் அல்லவாதலால், எண்ணெய்க் குளியலும் பட்டாசும் ஓய்ந்து கூட்டம் குறைந்த பிறகு சில தோழர்களோடு போய்ப் பார்த்தோம். மேஜர் முகுந்த் வரதராஜன் என்பவர் 2014 ஏப்ரல் 25-ந் தேதி காஷ்மீரத்தில் சோபியான் ஜில்லாவில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர் விட்டார். 2015 ஜனவரி 26-ந் தேதி அவருக்கு அளிக்கப்பட்ட அசோக சக்கரத்தை அவருடைய மனைவியார் பெற்றுக் கொண்டார். அந்த வாழ்க்கையைத்தான் படமாக்கியிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் நம் பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். நாமும் அழுதோம். அதை மறைப்பானேன்? கடவுளை நம்பாதவனுக்குக் கண்ணீர் வரக் கூடாதென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நமக்கு அது பிரமாணமல்ல.

கொட்டகையை விட்டு வெளியே வந்து டீக் கடையில் நின்றோம். கண்ணைத் துடைத்த துண்டின் ஈரங்கூடக் காயவில்லை. நம்மோடு படம் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர், "ஏனுங்க, அந்த மேஜரு எந்த ஆளுங்க?" என்று கேட்டார். தமிழ் நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவம், அவர் பள்ளிக்கூடம் போகாதவர். பிறந்தது முதல் யாரைக் கண்டாலும் முதலில் அதைக் கேட்டுப் பழக்கப்பட்டவர். அவர் மீது நமக்குக் கோபமில்லை.

ஆனால் படித்தவர்கள் என்ன செய்தார்கள்? "மேஜர் பிராமணர், படத்தில் அதைச் சொல்லாமல் மறைத்து விட்டார்கள், இது பெரிய அநியாயம்" என்று கூச்சல் போட்டார்கள். அதற்குப் படத்தின் டைரக்டர், மேஜர் தம்மை இந்தியர் என்றே சொல்லி வந்தவரென்றும், அவரைத் தமிழராகவும் இந்தியராகவும் காட்டினால் போதுமென்று அவர் குடும்பத்தார் கேட்டுக் கொண்டார்களென்றும் வெளிப்படையாகப் பதில் சொன்னார். பெற்றவர்களுக்கும் கட்டிய மனைவிக்கும் வேண்டாததாகிவிட்ட சாதி, ஊராருக்கு மாத்திரம் ஏன் அவ்வளவு அவசியமாயிற்று என்று கேட்கின்றோம்.

சாதியைச் சொல்ல வேண்டும் என்கின்றவர்களை நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். மேஜருடைய வீரம் அவருடைய சாதியிலிருந்து வந்ததா, இல்லையா? சாதியிலிருந்து வந்தது என்றால், அதில் அவருடைய பெருமை என்ன இருக்கின்றது? அந்தச் சாதியில் பிறந்த எவரும் அதைச் செய்திருப்பார் என்றல்லவோ ஆகும்? அப்படியானால் அசோக சக்கரத்தைச் சாதிச் சங்கத்துக்கல்லவோ கொடுத்திருக்க வேண்டும்? சாதியிலிருந்து வரவில்லை என்றால், அதைப் பற்றிய பேச்சே எதற்கு? குண்டு வந்தபோது அது கோத்திரம் கேட்டுக் கொண்டா வந்தது?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கின்றது. மேஜர் உத்தியோகம் பார்த்தது ராஜபுத்திர ரெஜிமெண்டில். அவர் ராஜபுத்திரர் அல்லர், தமிழ் நாட்டார். அதே சண்டையில் விக்ரம் சிங் என்ற சிப்பாயும் இறந்து போனார். அவர் எந்தச் சாதி என்று நம் ஊரில் ஒருவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. ஏனெனில், எந்தச் சாதியானாலும் அதனால் இங்கே யாருக்கும் லாபமில்லை. ஆகவே சாதி கேட்கின்றவர்களுக்கு வேண்டியது வீரனுடைய பெருமை அல்ல. வீரனுடைய பிணத்தின் மேல் ஏறி நின்று தங்கள் உயரத்தைக் காட்டிக் கொள்வதேயாகும்.

பார்ப்பனர்கள் மாத்திரந்தான் இப்படி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வடநாட்டில் மற்றவர்கள் செய்ததையும் பார்ப்போம். 1962 நவம்பர் 18-ந் தேதி லடாக்கில் ரெசாங் லா என்னும் கணவாயில், 16 ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 13-வது குமாவுன் பட்டாளத்தின் ஒரு கம்பெனி சீனப் படையை எதிர்த்து நின்றது. சுமார் 120 பேரில் 110 பேருக்கு மேல் மாண்டார்கள். பழைய 303 துப்பாக்கிகள். மலை குறுக்கே நின்றதால் பின்னாலிருந்து பீரங்கி உதவியும் இல்லை. அடுத்த வருஷம் பனி இளகிய பிறகுதான், துப்பாக்கியைப் பிடித்த பிடி விடாமல் உறைந்து கிடந்த பிணங்களைக் கண்டெடுத்தார்கள்.

இதைப் பற்றி "120 பகதூர்" என்று ஒரு இந்திப் படம் 2025 நவம்பரில் வெளிவந்தது. வெளிவருவதற்கு முன்பே கிளர்ச்சி கிளம்பி, கோர்ட்டு வரையில் போயிற்று. கம்பெனியில் இருந்த சிப்பாய்கள் பெரும்பாலும் அகிர் சாதியார். ஆகவே படத்தின் பெயரிலேயே அகிர் என்று இருக்க வேண்டும் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கை. ஒரு மேஜரை மாத்திரம் தூக்கிப் பிடித்துவிட்டுச் சிப்பாய்களை மறந்து விடுகிறார்கள் என்பதும் அவர்களுடைய குறை.

இந்தக் குறையில் பாதி நியாயமிருக்கின்றது என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். சாதாரணச் சிப்பாயை மறந்துவிட்டு அதிகாரியை மாத்திரம் நினைப்பது நம் நாட்டுப் புத்தி. கோயில் கட்டிய கொத்தனை மறந்து ராஜாவின் பெயரை மாத்திரம் சொல்லிக் கொடுப்பதும் இதே புத்திதான். அதற்குப் பரிகாரம் என்ன? 120 பேருடைய பெயரையும், தகப்பன் தாய் பெயரையும், ஊர்ப் பெயரையும் எழுதிக் காட்டு என்று கேட்டால் நாமும் கூடச் சேர்ந்து கேட்போம். சாதியின் பெயரை எழுதிவிட்டால் யாருடைய பெயர் வந்ததாகும்? செத்த அந்த ஏழைக் குடியானவர்களுடைய பெயர் வராது. சாதிச் சங்கத் தலைவனுடைய பெயர்தான் வரும். அன்றியும், அந்தக் கம்பெனிக்குத் தலைமை வகித்து, தானும் மாண்டு, பரமவீர சக்கரம் பெற்ற மேஜர் சைத்தான் சிங் அகிர் அல்லர், ராஜஸ்தானத்து ராஜபுத்திரர். ரெஜிமெண்டின் பெயரோ இமயமலைப் பக்கத்து நாட்டின் பெயர். இவ்வளவு பேரும் ஒரே பனியில் ஒன்றாய் உறைந்து போனார்கள். அறுபது வருஷம் கழித்து இவர்களைச் சாதிவாரியாகப் பிரித்தெடுக்கப் பார்க்கிறார்கள்!

சிப்பாய்க்குச் சாதி பார்க்கும் இந்த வியாதி எங்கிருந்து வந்தது? வருணாசிரமம், சண்டை போடுவது க்ஷத்திரியன் ஒருவனுக்கே உரிய தொழில் என்றது. வெள்ளைக்காரன் வந்து, இந்தக் குப்பையையே வாரி எடுத்து, "போர்ச் சாதிகள்" என்று புதுப் பெயர் கொடுத்துக் கொண்டான். ராபர்ட்ஸ் என்னும் தளபதி 1880-களில் சென்னைப் படைக்குத் தலைவராயிருந்துவிட்டு, தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சென்னைப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டன. அம்பேத்கர் அவர்களின் தகப்பனார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதாராய் இருந்தவர். ஆனால் அவருடைய மகார் சமூகத்தாரையே 1890-களில் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். 1917-ல் உலக யுத்தத்துக்கு ஆள் போதாமல் போயிற்று. உடனே தீண்டாமை போய்விட்டது. மகார் பட்டாளம் அமைத்தார்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்களில் கலைத்தார்கள். 1941-ல் மறுபடியும் ஆள் வேண்டியிருந்தது, மறுபடியும் அமைத்தார்கள். 1943-ல் சமார் ரெஜிமெண்டு அமைத்தார்கள். அது கொஹிமா சண்டையில் பேர் வாங்கிற்று. 1946-ல் அதையும் கலைத்தார்கள். சாகிறதற்கு ஆள் தேவைப்படுகின்ற போது சாதி தடையாக இல்லை. சாகிற வேலை தீர்ந்தவுடன் சாதி திரும்பி வந்துவிட்டது!

வெள்ளைக்காரன் போன பிறகாவது இது ஒழிந்ததா? ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று வகுப்பாரிலிருந்தே ஆள் எடுப்பதாக 2013-ல் இராணுவத்தாரே சுப்ரீம் கோர்ட்டில் சொன்னார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று எழுதி வைத்த நாட்டின் தலைவருக்குக் காவல் நிற்கவே பிறப்பு பார்க்கிறார்கள் என்றால், சமத்துவத்துக்குக் காவல் நிற்பது யார்?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கின்றது. 2016 ஜூன் மாதம் காஷ்மீரத்தில் பாம்பூர் என்னுமிடத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐக்கிய மாகாணமென்று முன்பு சொல்லப்பட்ட உத்தரப் பிரதேசத்தில் பிரோசாபாத் ஜில்லாவைச் சேர்ந்தவர். நட் என்னும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். தேசியக் கொடி போர்த்திய பெட்டியில் பிணம் ஊர் வந்து சேர்ந்தது. பொது நிலத்தில் எரிக்க இடங் கொடுக்க மாட்டோம் என்று மேல் சாதியார் தடுத்தார்கள். சர்க்கார் அதிகாரி போய் மணிக்கணக்காய்ப் பேசிய பிறகுதான் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நாட்டின் எல்லையைக் காக்க அவர் உயிர் வேண்டும். ஊரின் எல்லைக்குள் அவர் சாம்பல் விழக் கூடாது! இதையல்லவோ படமாக எடுக்க வேண்டும்? எடுத்தால் எத்தனை பேர் விசிலடிப்பார்கள்?

நிற்க. சாதி ஒரு பக்கம் இப்படி வீரனைத் திருடுகின்றது. மற்றொரு பக்கம் சாமி திருடுகின்றது. 1962 நவம்பர் 17-ந் தேதி, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் நூரானங் என்னுமிடத்தில், கார்வால் பட்டாளத்தைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங் ராவத் என்ற வாலிபர், திரிலோக் சிங், கோபால் சிங் என்ற இரண்டு தோழர்களோடு ஊர்ந்து போய், சீனருடைய எந்திரத் துப்பாக்கியைப் பறித்தார், அன்றே மாண்டார். மகாவீர சக்கரம் கொடுத்தார்கள், சரி. பிறகு அவ்விடத்தில் ஒரு கோயில் எழுப்பி, அவர் இன்னமும் காவல் காப்பதாகச் சொல்லிப் படுக்கை விரித்து, சாப்பாடு வைத்து, பூட்சுக்கு மெருகு போட ஆரம்பித்தார்கள். தனி ஒருவராக 72 மணி நேரம் நின்றார் என்ற கதையும் பரவி, 2019-ல் அது படமாகவும் வந்தது. கூடப் போன இரண்டு பேர் பெயரும் ஜனங்களுக்கு மறந்து போயிற்று. சிக்கிமில் 1968-ல் இறந்த ஹர்பஜன் சிங் என்ற சிப்பாய்க்கும் ஒரு கோயில். பல வருஷகாலம் அவருக்கு லீவு கொடுத்து, ரயிலில் ஒரு படுக்கையும் ஒதுக்கி, ஊருக்கு "அனுப்பி" வைத்தார்கள்.

அந்தக் குளிரில் நிற்கின்ற சிப்பாய் தன் பயத்துக்கு ஒரு துணை தேடிக் கொண்டால் அவனை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்தவரே எல்லையைக் காத்துக் கொள்வதானால், உயிருள்ள பிள்ளைகளை ஏன் அந்தப் பனியில் நிறுத்த வேண்டும்? 1962-ல் அந்தப் பிள்ளைகளில் அநேகரைப் பனிக்குத் தகுந்த உடுப்பில்லாமல் மலைக்கு அனுப்பினார்கள். உயிரோடிருந்த காலத்தில் தக்க பூட்சு கொடுக்க முடியாதவர்கள், செத்த பிறகு பூட்சுக்கு மெருகு போடுகிறார்கள்! கும்பிடு போடுவதற்குக் காலணா செலவில்லை. அதனால்தான் அது இவ்வளவு தாராளமாய்க் கிடைக்கின்றது.

நம் தமிழ் நாட்டிலும் ஆதியில் வீரனுக்குக் கல் நட்டார்கள். தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்கள் 2 ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். மாண்டவன் பெயரையும் அவன் மாண்ட செய்தியையும் கல்லில் வெட்டி வைப்பது அக்கால மரியாதை. மனிதன் மனிதனுக்குச் செய்கிற மரியாதை அதுதான். பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? செங்கம் பக்கத்தில் இந்தக் கற்களுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பூசை போடுகிறார்கள். கல்லில் எழுதியிருக்கும் பெயரை வாசிக்கின்றவர் எத்தனை பேர்? சாமி ஆனவுடன் மனிதன் மறைந்தான். அவன் செய்த காரியமும் மறைந்தது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். வீரம் என்பது ஒரு மனிதன், தனக்குச் சாவு வரும் என்று தெரிந்தும், தன்னோடு இருப்பவனை விட்டு ஓடாமல் நின்ற காரியம். அது அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். அதைச் சாதிக்குக் கொடுத்தாலும் திருட்டு. சாமிக்குக் கொடுத்தாலும் திருட்டு. 2015-ல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு டில்லியில் பட்டினி கிடந்த பழைய பட்டாளத்துக்காரர்களைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் போலீசார் இழுத்து அப்புறப்படுத்தினார்கள். படத்தில் சாகின்ற சிப்பாய்க்குக் கண்ணீரும், தெருவில் உயிரோடு உட்கார்ந்து கேட்கின்ற சிப்பாய்க்குத் தள்ளுமுள்ளும் என்றால், இந்தக் கண்ணீருக்கு என்ன யோக்கியதை?

தோழர்களே! படம் பார்க்க வேண்டாம் என்றோ, அழ வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் ஊர்ச் சுடுகாட்டைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அது ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால், நாளைக்கு உங்கள் ஊர்ச் சேரிப் பிள்ளை ஒருவன் எல்லையில் செத்துக் கொடி போர்த்தி வந்தால், அவனை எந்த வழியாகத் தூக்கிக் கொண்டு போவீர்கள்? இதற்குப் பதில் சொல்ல முடியாத ஊர், வீரனைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுடுகாட்டின் நடுவிலிருக்கும் வேலியைப் பிடுங்கி எறியட்டும். அதுதான் அவனுக்கு நாம் செய்யக் கூடிய உண்மையான மரியாதை.